இரு வெள்ளைகளின் கதை: ஈயவெள்ளையும் நாகவெள்ளையும்

புதிதாக வீடு கட்டுவோரும் பழைய வீட்டைத் திருத்துவோரும் இன்று எதிர்கொள்ளும் சங்கடங்களுள் ஒன்று, சுவருக்கு நிறம் தெரிவு செய்வதாகும். கடைக்காரர் விரித்து வைக்கும் நிற அட்டையில் வெள்ளையில் மட்டுமே இருபது முப்பது வகைகள் இருக்கின்றன. ஒன்று சற்றே மஞ்சள் சார்ந்தது. மற்றொன்று சற்றே நீலம் சார்ந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தாலன்றி வேறுபாடு தெரியாது. குடும்பத்தவர் கூடி விவாதித்து எதைத் தெரிவு செய்தாலும் எவருக்கும் பெரிய நட்டம் வந்துவிடப் போவதில்லை.

ஆனால், இத்தகைய இரு வெள்ளைகளுக்கிடையிலான தெரிவு உயிர் சம்பந்தப்பட்டதாக இருந்த காலம் ஒன்று உண்டு. ஐரோப்பாவின் வீட்டுச் சுவர்களில் எந்த வெள்ளையைப் பூசுவது என்ற வினா, மருத்துவமனைகளிலும் தொழிற்சங்கக் கூட்டங்களிலும் நாடாளுமன்றங்களிலும் இறுதியில் ஜெனீவாவில் கூடிய சர்வதேச மாநாட்டிலும் விவாதிக்கப்பட்டது. அந்த வரலாறு தமிழில் அதிகம் பேசப்பட்டதாகத் தெரியவில்லை. புலம்பெயர்ந்து பழைய ஐரோப்பிய நகரங்களில் வாழும் நம்மவர்களுக்கு அது வெறும் பழங்கதையும் அல்ல. ஆகவேதான் இதனை எழுத முற்படுகிறேன்.

முதலில் சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. பேச்சு வழக்கில் நாம் பெயின்ற் என்று சொல்வதற்கு இலங்கையின் அரச ஆவணங்களிலும் பாடநூல்களிலும் வழங்கும் சொல் தீந்தை என்பதாகும். போர்த்துக்கேயரின் ‘ரின்ரா’ என்ற சொல்லே தமிழில் தீந்தையாகியது. அதேபோல, தமிழ்நாட்டார் துத்தநாகம் என்பதை நாம் நாகம் என்போம். ஈயம் என்று நான் இங்கு குறிப்பிடுவது காரீயத்தை. வெள்ளீயம் என்பது வேறொரு உலோகம். எனவே ஈயத்திலிருந்து பெறப்படும் வெள்ளைப் பொடியை ஈயவெள்ளை என்றும், நாகத்திலிருந்து பெறப்படுவதை நாகவெள்ளை என்றும் இக்கட்டுரையில் அழைக்கிறேன்.

சுண்ணாம்பு ஏன் போதவில்லை?

நமது ஊர்களில் தலைமுறை தலைமுறையாகச் சுவருக்குப் பூசப்பட்ட வெள்ளை சுண்ணாம்புதான். பொங்கலுக்கு முன்னர் சுண்ணாம்பைக் கரைத்து, மஞ்சள் தட்டாதிருக்கச் சிறிது நீலமும் சேர்த்து அடிப்பார்கள். அடிக்கும்போது தண்ணீர் போலத் தெரியும் சுவர், காய்ந்த பின்னரே வெளுக்கும். இதற்குக் காரணம் உண்டு. ஒரு பொடி வெள்ளையாகத் தெரிவது, அது ஒளியை எவ்வளவு முறிக்கிறது என்பதையும் அதனைச் சூழ்ந்துள்ள பொருள் எவ்வளவு முறிக்கிறது என்பதையும் பொறுத்தது. சுண்ணாம்பின் முறிவுச்சுட்டி ஏறத்தாழ 1.6. ஆளிவிதை எண்ணெயின் முறிவுச்சுட்டி ஏறத்தாழ 1.5. இரண்டும் நெருக்கமானவை. ஆதலால் சுண்ணாம்பை எண்ணெயில் குழைத்தால் அதன் வெண்மை மறைந்து, மங்கிய கஞ்சி போலாகிவிடும்.

குளிரும் ஈரமும் மிகுந்த ஐரோப்பாவில் கதவு, ஜன்னல், மரப்பலகை மூடிய சுவர் ஆகியவற்றைப் பாதுகாக்க எண்ணெய்த் தீந்தை தேவைப்பட்டது. எண்ணெயில் குழைத்தாலும் வெண்மை குன்றாத பொடி ஒன்று வேண்டும். பல நூற்றாண்டுகளாக அந்த இடத்தைப் பிடித்திருந்தது ஈயவெள்ளை. அதன் முறிவுச்சுட்டி 2.0 அளவில் உள்ளது. மேலும் அது எண்ணெயுடன் சேர்ந்து உறுதியான, வெடிக்காத படலமாக இறுகும். ஒரு பூச்சிலேயே அடியிலுள்ள கறையை மறைத்துவிடும். தீந்தைத் தொழிலாளர்களே அதனை விரும்பினார்கள் என்பது இவ்வரலாற்றின் சோகங்களுள் ஒன்று.

எருக்குவியலில் விளைந்த வெண்மை

ஈயவெள்ளையைச் செய்யும் முறை மிகப் பழையது. கிறிஸ்துவுக்கு முன் ஏறத்தாழ 300ஆம் ஆண்டில் கிரேக்க அறிஞர் தியோபிராஸ்தஸ் அதனை விவரித்துள்ளார். பின்னாளில் ஒல்லாந்தர் முறை என்று பெயர் பெற்ற வடிவத்தில், மண்சட்டிகளில் வினாகிரி ஊற்றி, அதற்கு மேலே ஈயத் தகடுகளை வைத்து, சட்டிகளைக் குதிரைச் சாணத்துக்குள் அடுக்கடுக்காகப் புதைப்பார்கள். சாணத்தின் வெப்பமும் அதிலிருந்து எழும் காபனீரொட்சைட்டும் வினாகிரியின் ஆவியும் சேர்ந்து சில வாரங்களில், சில இடங்களில் மூன்று மாதங்கள் வரையில், ஈயத்தை வெண்ணிறப் பொருக்காக மாற்றிவிடும். அந்தப் பொருக்கை உரித்து, கழுவி, உலர்த்தி, அரைத்து விற்பார்கள்.

உரிப்பவரும் உலர்த்துபவரும் அரைப்பவரும் அந்தத் தூசியைச் சுவாசித்தார்கள். இங்கிலாந்தில் இந்த வேலையின் மிக மோசமான பகுதிகளைச் செய்தவர்கள் ஏழைப் பெண்கள். நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1868இல் கிழக்கு லண்டனின் வறிய வீடுகளுக்குச் சென்று, ஈய ஆலையில் வேலை செய்து நஞ்சேறிக் கிடந்த ஐரிஷ் பெண்ணைப் பற்றி எழுதினார். மறு ஆண்டில் ஆலைக்குள்ளும் சென்று பார்த்தார். அதன் பின்னரும் 30 ஆண்டுகள் கழிந்து 1898இல்தான், அந்த ஆபத்தான வேலைகளில் பெண்களை ஈடுபடுத்துவது அங்கு தடை செய்யப்பட்டது.

ஆலைக்கு வெளியே, வீடு வீடாகச் சென்று தீந்தை பூசியவர்களின் நிலையும் அவ்வாறானதே. ஈயவெள்ளையை எண்ணெயில் குழைக்கும்போது தூசி எழும். அதனினும் கொடியது, பழைய பூச்சை உலர்ந்த நிலையில் தேய்த்து உதிர்க்கும் வேலை. கடும் வயிற்றுவலி, மலச்சிக்கல், ஈறுகளில் நீலக்கோடு, மணிக்கட்டு தொய்ந்து கை செயலிழத்தல், இறுதியில் வலிப்பும் மரணமும் என்று அந்த நோய் வளரும். பிரான்சில் அந்த வயிற்றுவலிக்கே ‘தீந்தைக்காரரின் வலி’ என்று பெயர் இருந்தது. பாரிஸ் மருத்துவர் தங்கரல் தே பிளான்ஷ் 1839இல் வெளியிட்ட நூலில், 1,200க்கும் மேற்பட்ட ஈய நோயாளர்களைத் தாம் ஆராய்ந்த முடிவுகளைத் தந்தார். அவர்களுள் அதிக எண்ணிக்கையினர் ஈயவெள்ளை ஆலைத் தொழிலாளரும் தீந்தை பூசுவோருமே.

ஆக, 1839ஆம் ஆண்டளவில் நோயும் தெரியும், நோயின் காரணமும் தெரியும். மாற்று ஒன்று இருந்ததா என்பதே அடுத்த வினா.

சப்பாத்துத் தைப்பவரின் மகன்

மாற்று இருந்தது. பிரான்சின் டிஜோன் நகரில் 1780களிலேயே நாகத்தின் ஒட்சைட்டைக் கொண்டு வெள்ளைத் தீந்தை செய்து காட்டப்பட்டது. வேதியியலாளர் கிதோன் தே மொர்வோ அதனை ஈயவெள்ளைக்குப் பதிலீடாகப் பரிந்துரைத்தார். ஆனால் விலை பன்மடங்கு அதிகம். காய்வதற்கு நீண்ட நேரம் எடுக்கும். எனவே அது ஓவியர்களின் வண்ணப்பெட்டிக்குள் ஒதுங்கியது. சுவர்களுக்கு வரவில்லை.

அதனைச் சுவர்களுக்குக் கொண்டு வந்தவர் அறிஞர் அல்லர். எட்மே ஜோன் லெக்லேர் என்ற தீந்தை ஒப்பந்தகாரர். 1801இல் பிரெஞ்சுக் கிராமமொன்றில் சப்பாத்துத் தைக்கும் ஏழை ஒருவரின் மகனாகப் பிறந்து, பாரிசுக்கு வந்து தீந்தை பூசும் தொழிலைக் கற்று, தாமே ஒரு நிறுவனத்தை நடத்தும் நிலைக்கு உயர்ந்தவர். தம்மிடம் வேலை செய்தோர் ஈயத்தால் நோயுறுவதைக் கண்டு, 1830களின் பிற்பகுதியில் மாற்று வெள்ளையைத் தேடத் தொடங்கினார். 1840களில் அவரது தொழிலகம் முற்றிலும் நாகவெள்ளைக்கு மாறியது. காய்வதற்குப் பழைய முறையில் எண்ணெயில் ஈயச் சேர்வையைக் கலப்பார்கள். லெக்லேர் அதற்குப் பதிலாக மங்கனீசுச் சேர்வையைப் பயன்படுத்தினார். பெருமளவில் உற்பத்தி செய்தபோது விலையும் ஈயவெள்ளைக்கு அருகில் வந்தது.

இதே மனிதர்தான் 1842இல் தமது நிறுவனத்தின் இலாபத்தைத் தொழிலாளருடன் பங்கிடும் திட்டத்தைத் தொடங்கியவர். அறிவித்தபோது எவரும் நம்பவில்லையாம். மறு ஆண்டு ஒருநாள் தங்க நாணயப் பையைக் கொண்டுவந்து மேசையில் கொட்டிப் பங்கிட்ட பின்னரே நம்பினார்கள் என்பது பொருளியல் வரலாற்றில் பெயர்பெற்ற செய்தி. ஜோன் ஸ்ருவாட் மில் தமது அரசியல் பொருளாதார நூலில் லெக்லேரைப் பாராட்டியிருக்கிறார். ஆனால் பொருளியல் நூல்கள் அவரது இலாபப் பங்கீட்டை நினைவில் வைத்த அளவுக்கு அவரது வெள்ளையை நினைவில் வைக்கவில்லை.

இனி இவ்விரு வெள்ளைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். நிறத்தில் ஈயவெள்ளை சற்று இளஞ்சூடான தன்மை உடையது. நாகவெள்ளை சற்று நீலம் பாய்ந்த குளிர்ந்த வெண்மை. மறைக்கும் ஆற்றலிலும் படலத்தின் உறுதியிலும் ஈயவெள்ளைக்கு மேன்மை உண்டு. வெயிலும் மழையும் படும் வெளிப்புறத்தில் நாகவெள்ளைப் படலம் விரைவில் வெடித்துவிடும். ஆனால் வீட்டின் உட்புறத்தில் இந்த மேன்மைக்கு அதிகப் பயன் இல்லை. மாறாக, அடுப்புப் புகையிலும் வாயு விளக்குகளிலும் கழிவறைகளிலும் இருந்து வரும் ஐதரசன் சல்பைட்டு பட்டதும் ஈயவெள்ளை கறுத்துவிடும். ஈய சல்பைட்டு கறுப்பு நிறமுடையது. நாக சல்பைட்டோ வெள்ளை. ஆதலால் நாகவெள்ளை பூசிய அறை கறுப்பதில்லை. அதாவது, உட்புறச் சுவரைப் பொறுத்தவரை, வீட்டுக்காரரின் நலனை மட்டும் கருதினாலும் நாகவெள்ளையே சிறந்தது. 1849இல் பிரெஞ்சு அரசு தனது பொதுக் கட்டிடங்களில் அதனைப் பயன்படுத்துமாறு பணித்ததில் வியப்பில்லை.

அறுபது ஆண்டுகள்

அத்துடன் இக்கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அரசின் பணிப்புரை காலப்போக்கில் கைவிடப்பட்டது. லில் நகரைச் சூழ்ந்த வட பிரான்சில் ஈயவெள்ளை உற்பத்தி பெருந்தொழிலாக இருந்தது. உற்பத்தியாளர்கள் நாகவெள்ளையின் குறைகளைப் பெருப்பித்தார்கள். தொழிலாளர் நோயுறுவதற்குக் காரணம் அவர்களது சுத்தமின்மையும் மதுப்பழக்கமுமே என்று வாதிடப்பட்டது. கையைக் கழுவுங்கள், பால் குடியுங்கள் என்று அறிவுரை கூறப்பட்டது.

இந்த அறிவுரையைப் படித்தபோது எனக்கு நமது அச்சகங்களின் நினைவு வந்தது. நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில், ஈய எழுத்துகளைக் கையால் கோக்கும் முறை முற்றாக மறைந்திருக்கவில்லை. நாள் முழுவதும் ஈயத்தைத் தொட்ட விரல்களுடன் தேநீர் அருந்திய அச்சுக்கோப்பாளர்களை நான் அறிவேன். ஈயம் உடம்பில் ஏறினால் பால் குடித்தால் சரியாகிவிடும் என்பதே அவர்களுக்குச் சொல்லப்பட்ட மருத்துவம். அவர்கள் கோத்த பக்கங்களில் உலகத்துத் தொழிலாளர் பிரச்சினைகள் எல்லாம் இடம்பெற்றன.

பிரான்சில் நிலைமையை மாற்றியவை இரண்டு. ஒன்று, தீந்தைத் தொழிலாளரின் சங்கம். அதன் தலைவர்களுள் ஒருவரான ஆபெல் கிரெசாக் 1900களின் தொடக்கத்தில் நாடெங்கும் பிரசாரம் செய்தார். மற்றையது பத்திரிகை. பத்திரிகையாளராகவும் அரசியல்வாதியாகவும் விளங்கிய ஜோர்ஜ் கிளெமான்சோ இந்த நஞ்சுக்கு எதிராக எழுதினார். ‘லசியற் ஓ பேர்’ என்ற கேலிச்சித்திர வார இதழ் 1905இல் ஈயவெள்ளைக்கென்றே ஒரு சிறப்பிதழை வெளியிட்டது. மருத்துவ நூல்கள் 60 ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லிவந்த செய்தி, சித்திரங்களின் வடிவில் பொதுமக்களின் கண்களுக்கு வந்தது.

1909 ஜூலை 20ஆம் திகதி, கட்டிடங்களின் உள்ளும் புறமும் ஈயவெள்ளை பூசுவதைத் தடை செய்யும் சட்டம் பிரான்சில் பிறந்தது. ஐந்தாண்டு அவகாசம் கொடுக்கப்பட்டது. அப்போது பிரதமராக இருந்தவர் அதே கிளெமான்சோ. வேறொரு விவகாரத்தில் அவரது அரசாங்கம் கவிழ்ந்ததும் அதே நாளில் என்பது வரலாற்றின் விநோதம். 1849க்கும் 1909க்கும் இடையில் சரியாக 60 ஆண்டுகள். அவகாசம் முடியும் வேளையில் முதல் உலகப் போர் வந்துவிட்டது.

பிள்ளைகளின் விரல்கள்

இதே காலத்தில் பூமியின் மறுபுறத்திலிருந்து வேறொரு செய்தி வந்தது. அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகரில், தீந்தைத் தொழிலோடு எந்தத் தொடர்பும் இல்லாத சிறுபிள்ளைகளுக்கு ஈய நோய் வருவதை மருத்துவர் ஜெஃபரிஸ் ரேணர் 1890களின் தொடக்கத்தில் கண்டறிந்தார். காரணம் புலப்படவில்லை. கண் மருத்துவரான லொக்காட் கிப்சன் 1904இல் விடையைக் கூறினார். வீடுகளின் மரவிறாந்தைக் கைபிடிகளிலும் அறைச் சுவர்களிலும் பூசப்பட்ட ஈயத் தீந்தை, கடும் வெயிலில் பொடியாகிறது. கைபிடிகளைப் பிடித்து விளையாடும் பிள்ளைகளின் விரல்களில் அந்தப் பொடி ஒட்டுகிறது. விரல் வாய்க்குப் போகிறது. நோய் வருகிறது. இவ்வளவுதான். ஆயினும் குவீன்ஸ்லாந்து மாநிலம் பிள்ளைகளுக்கு எட்டும் இடங்களில் ஈயத் தீந்தையைத் தடை செய்ய 1922 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1921இல் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழில் மாநாட்டில் விவகாரம் உலக அரங்குக்கு வந்தது. முழுத் தடை வேண்டும் என்று ஒரு சாரார். பாதுகாப்பு விதிகள் போதும் என்று மறு சாரார். இறுதியில் உடன்பாடு ஏற்பட்டது. கட்டிடங்களின் உட்புறத்தில் ஈயவெள்ளைக்குத் தடை. வெளிப்புறத்தில் விதிகளுடன் அனுமதி. இதுவே அந்த அமைப்பின் 13ஆவது சமவாயம். இலங்கையை அப்போது ஆண்ட பிரித்தானியா இதில் இணையவில்லை. 1926இல் தனக்கென ஒரு சட்டத்தை இயற்றி, உலர்ந்த பூச்சைத் தேய்ப்பதையும் பெண்களும் இளைஞரும் அவ்வேலை செய்வதையும் தடுத்ததுடன் நிறுத்திக்கொண்டது. ஐக்கிய அமெரிக்காவும் சமவாயத்துக்கு வெளியே நின்றது. அங்கே ஈயத் தீந்தை நிறுவனம் ஒன்று 1907 முதல் ஒரு சிறுவனின் உருவத்தையே தன் வணிகச் சின்னமாக வைத்திருந்தது. பிள்ளைகளுக்கு வண்ணம் தீட்டும் புத்தகங்களையும் அது வழங்கியது. வீட்டுத் தீந்தைகளில் ஈயத்துக்கு அமெரிக்கா தடை விதித்தது 1978இல்.

புல்மோட்டை மணல்

ஈயவெள்ளையை இறுதியில் சந்தையிலிருந்து அகற்றியது சட்டம் மட்டும் அல்ல. 1910களின் பிற்பகுதியில் நோர்வேயிலும் அமெரிக்காவிலும் ஒரே காலத்தில் டைட்டானிய வெள்ளை வணிக உற்பத்திக்கு வந்தது. நமது பாடநூல்கள் தைத்தேனியம் என்பது இதனையே. அதன் முறிவுச்சுட்டி 2.5 முதல் 2.7 வரை. இரு பழைய வெள்ளைகளையும் விட மறைக்கும் ஆற்றல் மிக்கது. ஈயத்தின் நஞ்சும் இல்லை. இன்று நாம் வாங்கும் ஏறத்தாழ எல்லா வெள்ளைத் தீந்தையும், கட்டுரையின் தொடக்கத்தில் நான் குறிப்பிட்ட அந்த இருபது முப்பது வகைகளும், இதில் சிறிதளவு மஞ்சளோ கறுப்போ நீலமோ கலந்தவைதான்.

அதற்கான தாது இல்மனைற் என்னும் கருமணல். திருவிதாங்கூர்க் கரையிலிருந்து, இன்று தமிழ்நாட்டில் உள்ள மணவாளக்குறிச்சி உட்பட, அது 1920களிலிருந்து மேற்கு நாடுகளுக்குக் கப்பலேறியது. ஈழத்தின் கிழக்குக் கரையில் திருகோணமலைக்கு வடக்கே உள்ள புல்மோட்டையும் அந்த மணலுக்குப் பெயர்பெற்றது. 1957இல் அதற்கென அரச கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. 1997 செப்ரெம்பரில் அங்கு மணல் ஏற்றிய வெளிநாட்டுக் கப்பல் கடற்புலிகளின் தாக்குதலுக்கு உள்ளாகி மாலுமிகளும் உயிரிழந்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். உலகத்தின் சுவர்களை வெளுப்பிக்கும் பொருள் நமது கரையிலிருந்து பல பத்தாண்டுகளாக வெறும் மணலாகவே போயிற்று. அது தனியாக எழுதப்பட வேண்டிய விடயம்.

பழைய சுவர்களுக்குள் வாழ்வோருக்கு

1980களின் நடுப்பகுதியில் பாரிஸ் மருத்துவர்கள், பழைய மாடிக் கட்டிடங்களில் நெருக்கடியாக வாழ்ந்த குடியேறிகளின் பிள்ளைகளிடம் கடும் ஈய நோயைக் கண்டார்கள். அவர்களுள் பெரும்பாலானவை ஆபிரிக்கக் குடும்பங்கள். சுவரிலிருந்து உரிந்த பழைய பூச்சின் துண்டுகளும் தூசியும் அந்தப் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போயிருந்தன. 1909இன் சட்டத்துக்கு முன்னரும், அது சரிவரப் பின்பற்றப்படாத ஆண்டுகளிலும் பூசப்பட்ட வெள்ளை, மூன்று தலைமுறை கடந்து வேற்று நாட்டுப் பிள்ளைகளைத் தீண்டியது. நம்மவர்கள் பெருந்தொகையாகப் பாரிசுக்கு வந்து பழைய கட்டிடங்களின் சிறு அறைகளில் குடியேறியதும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பிரான்சில் 1949க்கு முன்னர் கட்டப்பட்ட வீட்டை வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும், ஈயம் பற்றிய பரிசோதனை அறிக்கையைக் கேட்டுப் பெறும் உரிமை சட்டப்படி உங்களுக்கு உண்டு. அமெரிக்காவில் 1978க்கும், கனடாவிலும் பிரித்தானியாவிலும் குறிப்பாக 1960களுக்கும் முந்திய வீடுகளில் அடிப்பூச்சு ஈயமாக இருக்கக்கூடும் என்று கருதிக்கொள்வது நல்லது. அத்தகைய சுவரையோ கதவையோ உலர்ந்த நிலையில் மணற்தாள் கொண்டு தேய்க்காதீர்கள். செலவைக் குறைக்க நண்பர்களைச் சேர்த்து வார இறுதியில் தாமே சுரண்டுவது நம்மவர் வழக்கம். அப்போது வீட்டில் சிறுபிள்ளைகளையும் கருவுற்ற பெண்களையும் வைத்திருக்காதீர்கள். ஐயம் இருந்தால் முதலில் சோதித்துப் பாருங்கள். பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயத்தின் அளவை எளிய பரிசோதனையால் அறியலாம்.

இலங்கையில் தீந்தைகளில் ஈயத்துக்கான உச்ச வரம்பை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை 2011இல் வர்த்தமானியில் அறிவித்தது. அது 2013 ஜனவரி முதல் அமுலுக்கு வந்தது. இந்தியாவில் அத்தகைய விதி 2016இல் ஆக்கப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இரு நாடுகளிலும் அதற்கு முன்னர் பூசப்பட்ட கதவுகளும் ஜன்னல் கம்பிகளும் இன்னமும் வீடுகளிலும் பாடசாலைகளிலும் இருக்கின்றன. பிறிஸ்பேனின் வெயிலுக்கு எந்த விதத்திலும் குறையாத வெயில் அவற்றின் மீது நாள்தோறும் அடித்துக்கொண்டிருக்கிறது.